காதைப் பார்த்துப் பேசுகிறவர்

கல்பாலம் தோட்டம், மேற்பிரிவு,
லிந்துலை.
11.05.2025, ஞாயிறு

அன்பு மகள் தனுஜாவுக்கு,

இது அப்பா எழுதுவது. யாரும் எழுதித் தரவில்லை. பக்கத்தில் கூட யாரும் இல்லை. சந்தேகம் இருந்தால் எழுத்தைப் பார். சாக்கில் இருந்து கொட்டிய உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் கிடக்கும். இந்த நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவசரம் இல்லை. அறுபத்தொன்பது வருஷம் பொறுத்தவனுக்கு ஒரு மணி நேரம் பெரிதா?

நீ ஊரை விட்டுப் போன மாதமே பள்ளிக்கூடத்தில் லோஜனா டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினார். பெரியவர்களுக்கு. ஆறு பெண்கள், நான் ஒருவன் ஆண். முதல் நாள் காளியாயி என்னைப் பார்த்து, "என்னாண்ணே, இந்த வயசுல படிச்சு கண்டாக்கு வேலைக்கா போகப் போறீங்க?" என்று கேட்டது. கண்டாக்கு ஐயா தேயிலை மலையெல்லாம் மேற்பார்க்கிறவர், நான் அவர் வேலைக்கு ஆசைப்பட முடியுமா. "இல்ல, ஒங்க லயத்துச் சுவத்துல எழுதியிருக்கிறத வாசிக்கத்தான்" என்றேன். எட்டு மாதம் ஆயிற்று. இப்போது சவர்க்காரப் பெட்டி, பஸ் பலகை, கோயில் நோட்டீஸ் எதையும் விடுவதில்லை. சர்மிளா அண்ணி என்னைக் கடைக்கு அனுப்பப் பயப்படுகிறாள். சுற்றி வரும் பேப்பரை எல்லாம் வாசித்துவிட்டு வருகிறேனாம்.

ஏன் படித்தேன் என்று உனக்குத் தெரியும். "ஒரு ஆம்பள மட்டும் இருக்கிற படகுக்கு சமைக்கப் போறவ என் தங்கச்சி இல்ல" என்று உன் அண்ணன் சுமன் உன் நம்பரைப் பூட்டி வைத்திருக்கிறான். உன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போகிறான். வீட்டில் இருப்பது அவன் போன் ஒன்றுதான். வேறு யாரிடமாவது எழுதித் தரச் சொன்னால் அது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பேச்சாகிவிடும்.

பதிலைத் தோட்டத்து ஒபீசுக்குப் போடாதே. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுத்தான் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் பெயருக்குப் போடு. நீ அவரிடம் விட்டுப்போன தாளில் படகு நிற்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. உறை மேல் இங்கிலீசில் அவர் எழுதித் தருவார். உள்ளே இருப்பது நம் இருவருக்கு மட்டும்.

ஒரே பயம். உனக்கு நீந்தத் தெரியாது. நாம் மலையில் பிறந்தவர்கள். முழங்காலுக்கு மேலே தண்ணீரைப் பார்த்தால் சாமி கும்பிடுகிறவர்கள். அந்தப் படகை ஓட்டும் துரை எப்படிப்பட்டவர்? நன்றாக ஓட்டுவாரா? அதை மட்டும் விவரமாக எழுது.

அப்பா,
அழகுமுத்து
(முன்பு போட்ட கிறுக்கல் இல்லை. ஆறு எழுத்தும் இருக்கிறது, எண்ணிப் பார்.)


பஸாவ், ஜெர்மனி.
04.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இங்குள்ள படகுத்துறை அலுவலகத்தில் எனக்காகக் காத்திருந்தது. உறையில் டீச்சரின் எழுத்து. உள்ளே இருந்தது யாருடையது என்று முதலில் தெரியவில்லை. முதல் வரியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு எழுத்தையும் எண்ணினேன் அப்பா. இரண்டு தடவை எண்ணினேன்.

கேட்டதற்கு வருகிறேன். படகு நம் லயத்து வரிசையில் நாலு காம்பரா, அதாவது நாலு குடும்பம் இருக்கிற நீளம். வெள்ளை. உள்ளே மரவேலை முழுவதும் கப்டன் தன் கையால் பதினொரு வருஷமாகச் செய்தது. அவர் பெயர் ஹென்ட்ரிக். எழுபத்திரண்டு வயது. பாலம் கட்டும் எஞ்சினியராக இருந்தவர். ஹட்டன் பங்களாவில் நான் சமைத்தபோது வந்து தங்கி, மூன்று வேளையும் பருப்புக் கறி கேட்டவர்தான். கயிறு கட்டவும் இயந்திரம் பார்க்கவும் அவருடைய தம்பி மகன் ஒருவர் இருக்கிறார். ஆக, ஆம்பளை ஒருவர் இல்லை, இரண்டு பேர். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

ஹொலந்தில் புறப்பட்டோம். மூன்று ஆறுகள். இப்போது டனூப் என்ற பெரிய ஆற்றில் இறங்குகிறோம். கடைசியில் கருங்கடல். எல்லாம் சேர்த்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

பயம் இருக்கிறது. ஆற்றை விட, வழியில் வரும் தண்ணீர்ப் பெட்டிகள்தான் பயம். ஆற்றின் குறுக்கே அணை இருக்கும் இடத்தில் படகு மலையில் இருந்து குதிக்க முடியாதல்லவா. அதனால் கொங்கிரீட்டில் ஒரு பெட்டி கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனதும் பின்னால் கதவு மூடும். தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். படகு இறங்கிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் ஈரச் சுவர் உயர்ந்துகொண்டே வரும். வானம் ஒரு பட்டியாகிவிடும். பிறகு முன்கதவு திறக்கும். இதுவரை அறுபதுக்கு மேல் கடந்துவிட்டோம். ஒவ்வொன்றிலும் மாரியம்மனைக் கூப்பிட்டேன். சமைக்கும்போது கூட ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை. கப்டன் என்னை "ஆரஞ்சுப் பழம்" என்கிறார்.

அவர் நல்ல மனிதர். குரல் உயர்த்தியதில்லை. உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் மட்டும் கோபம் வரும். என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். காதைப் பார்த்துத்தான் பேசுவார். பெண்பிள்ளை என்ற மரியாதை என்று நினைக்கிறேன். எனக்கு வேலையும் பழக்குகிறார். ஆற்றில் இரண்டு வரிசையாக மிதவைகள் இருக்கும். நாங்கள் போகும் திசையில் சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். நடுவில்தான் ஆழம். நான் அவர் பக்கத்தில் நின்று, வருவதை எல்லாம் சொல்லவேண்டும். கரையில் உள்ள பலகைகளையும் நான்தான் வாசிப்பேன். கடையில் பில் வந்தால், "கண்ணாடி கீழே இருக்கிறது, நீயே படி, இங்கிலீஷ் பழகும்" என்பார். தேநீர் ஊற்றும்போது கோப்பை விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வார். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

அடுத்த கடிதத்தை புடாபெஸ்ட் துறைக்குப் போடுங்கள்.

உங்கள் மகள்,
தனுஜா


லிந்துலை.
29.06.2025, ஞாயிறு

அன்பு தனுஜாவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து நாளாக வாசித்தேன். முதல் நாள் ஒரு பக்கம். இரண்டாம் நாள் அதே பக்கம், சந்தோஷத்துக்காக. மூன்றாம் நாள் தண்ணீர்ப் பெட்டிக்கு வந்தேன். வாசித்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சிரித்துவிட்டேன். மகளே, உன் துரைக்கு வாசிக்கத் தெரியாது.

சிரிக்காதே. எனக்கு இது நன்றாகத் தெரியும். அவர் செய்கிற ஒவ்வொன்றையும் நான் செய்திருக்கிறேன். வீட்டில் உங்களுக்குத் தெரியும். வேலை செய்த இடத்தில் யாருக்கும் தெரியாது. தேயிலைக்கு அடிக்கிற மருந்து ஸ்டோரில் இருபது வருஷம் இருந்தேன். கண்டாக்கு ஐயா தாளை நீட்டினால், "கண்ணாடி வீட்டுல இருக்குங்க, நீங்களே சொல்லிடுங்க" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. கை ஈரம் என்பேன். புகை கண்ணைக் கரிக்கிறது என்பேன். டின்கள் வரிசை மாறாமல் இருக்கவேண்டும், யாராவது இடம் மாற்றி வைத்தால் சண்டை பிடிப்பேன். "அழகுமுத்து ஸ்டோர் மாதிரி ஒழுங்கு எங்கயும் இல்ல" என்று தோட்டத்துத் துரை பாராட்டினார். ஒழுங்கு இல்லை மகளே. பயம்.

பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அவன் வாயால் எல்லாம் வரவேண்டும். "நீயே படி, பழகும்" என்று சொன்னால் கேட்கிறவனுக்கும் பெருமை. எனக்கு அந்த ஆள் உன் அம்மா. ராசம்மா ஐந்தாம் வகுப்பு படித்தவள். சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் ஸ்டோருக்கு வந்து, தாளை வாசித்துச் சொல்லிவிட்டுப் போவாள். அதில் ஒரு கதை இருக்கிறது. அதை எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் எழுத்து வரவில்லை.

எஞ்சினியராயிற்றே என்று கேட்காதே. நானும் ஸ்டோர்க்காரன்தான். மறைக்கிறவன் எவ்வளவு தூரமும் மறைப்பான். அவரிடம் சொல், லிந்துலையில் ஒரு ஆள் அறுபத்தெட்டு வயதில் தொடங்கினார், வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று.

எழுதிக்கொண்டே வரும்போதுதான் இன்னொன்று தோன்றியது. பலகை வாசிக்கத் தெரியாதவர் ஆற்றில் எப்படிப் போகிறார்? அணை முன்னால் இருக்கிறது என்று பலகை போட்டிருந்தால்? நீ கீழே சோறு வடித்துக்கொண்டிருந்தால்? சிரிப்பு போய்விட்டது. கவனித்துப் பார். ஒன்றையும் கேட்காதே, கவனி மட்டும்.

அப்பா,
அழகுமுத்து


பெல்கிரேட், செர்பியா.
26.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புடாபெஸ்டில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பாலம் கட்டியவருக்கா வாசிக்கத் தெரியாது? அவர் அறையில் நானூறு புத்தகம் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது உலகம் முழுவதும் வாசிக்கத் தெரியாதவர்களாகத் தெரிகிறது என்று நினைத்தேன். மன்னியுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்னபடி கவனித்தேன்.

நான் தினமும் காலையில் என்ன சமைக்கப் போகிறேன் என்று எழுதி அவரிடம் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் எழுதாத வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். தாளின் ஓரத்தைப் பார்த்தார். "நல்லது, எனக்குப் பிடித்ததுதான்" என்று திருப்பித் தந்தார்.

அவருக்கு வாசிக்கத் தெரியும் அப்பா. அவருக்குக் கண் தெரியவில்லை.

முழுக்க இருட்டு இல்லை. ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது போல. நேரே பார்ப்பதுதான் தெரியவில்லை. காதைப் பார்த்துப் பேசியது மரியாதை இல்லை. காதைப் பார்த்தால்தான் முகம் ஓரத்தில் கொஞ்சம் விழும்.

தம்பி மகன் புடாபெஸ்டில் சண்டை போட்டு இறங்கிப் போய்விட்டார். அவர்கள் மொழியில் கத்தினார்கள், எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அதன் பிறகு படகில் நானும் கப்டனும் மட்டும்.

நாலாம் நாள் பகல் பதினொரு மணி. நல்ல வெயில். உலை பொங்குகிறது என்று நான் கீழே இறங்கினேன். இரண்டு நிமிஷம் இருக்காது. கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது, அம்மிக்கல்லை இழுப்பது போல. தட்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. ஓடி மேலே போனேன். சிவப்பு மிதவை இடப்பக்கம் நிற்கிறது. நாங்கள் அதற்கு வெளியே, கரைப் பக்கக் கூழாங்கல்லில். எதிரே ஆறு சரக்குப் படகுகளைச் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய படகு, சங்கு ஊதிக்கொண்டே வருகிறது. கப்டன் அதை நேராகப் பார்த்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நிற்கிறார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் கத்தினேன். எந்த மொழியில் என்று நினைவில்லை. அவர் திருப்பினார். அந்தப் படகு எங்களைத் தாண்டிப் போனபோது அதில் நின்றவனின் பல் எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம்.

"உங்களுக்குத் தெரியலையா கப்டன்?" என்று கேட்டேன்.

"கண்ணாடி கீழே இருக்கிறது" என்றார்.

கண்ணாடி அவர் முகத்தில் இருந்தது.

தண்ணீருக்கு அடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறி வளைந்துவிட்டது. அதனால் இங்கே நிற்கிறோம். புதிய விசிறி வந்து பூட்ட ஆகஸ்ட் பதினைந்தாகும். அன்றே புறப்படவேண்டும் என்கிறார். இங்கிருந்து கீழே ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. "இரும்பு வாசல்" என்று பெயர். அதன் முடிவில்தான் எல்லாவற்றிலும் பெரிய தண்ணீர்ப் பெட்டி.

நான் இறங்கிவிட்டால் அவர் தனியாகப் போவார். துறைக்காரர்களிடம் சொன்னால் அவருடைய ஓட்டும் பத்திரத்தைப் பறிப்பார்கள், பதினொரு வருஷம் கட்டிய படகு இங்கேயே நின்றுவிடும். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்று சிவப்பு, பச்சை என்று சொல்லிக்கொண்டே போனால் ஒருவேளை போய்ச் சேர்ந்துவிடுவோம். இனிமேல் கீழே இறங்காமல் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்றுகூட நினைக்கிறேன். அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எனக்குக் கேட்க வேறு யாரும் இல்லை. என்ன செய்ய அப்பா?

தனுஜா


லிந்துலை.
10.08.2025, ஞாயிறு

தனுஜா,

உன் கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் லீவு. டீச்சர் யாழ்ப்பாணம் போய்விட்டார். கூட்டிப் பெருக்கப் போன காளியாயி மேசை மேல் கண்டு கொண்டுவந்து தந்தது. இன்று பத்தாம் தேதி. நீ சொன்ன நாளுக்கு ஐந்து நாள். என் கடிதம் போய்ச் சேரப் பதினெட்டு நாள். இதை எழுதி முடித்ததும் சுமனிடம் கொண்டுபோகிறேன். போனில் படம் எடுத்து அனுப்பினால் உடனே போகும் என்கிறார்கள். அவன் வாசிப்பான். வாசிக்கட்டும்.

அந்தக் கதையை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நீ ஆறாம் வகுப்பு. ஸ்டோரில் இரண்டு வகை டின். இலைக்கு ஊட்டமாக அடிக்கிற மருந்துக்குப் பச்சை மூடி. புல் கருக அடிக்கிற மருந்துக்குச் சிவப்பு மூடி. எனக்கு எழுத்து தேவையில்லை, மூடி போதும். ஒரு மாதம் புதிதாக வந்த புல் மருந்துக்கும் பச்சை மூடி போட்டு அனுப்பிவிட்டார்கள். எழுத்து மட்டும் வேறு. பெரிதாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கிழமை உன் அம்மாவுக்குக் காய்ச்சல், ஸ்டோருக்கு வரவில்லை.

விடியற்காலையில் பீப்பாவில் நான்தான் ஊற்றிக் கலந்தேன். பிறகு வந்த நம் பக்கத்துக் காம்பராப் பொன்னையா சுமந்துகொண்டு போய் ஆட்களோடு ஏழாம் நம்பர் மலைக்கு அடித்தான். இளங்கன்று மலை. மூன்றாம் நாள் மலை முழுக்கச் சுருண்டு சிவந்துவிட்டது. தீ வைத்தது மாதிரி.

கண்டாக்கு ஐயா இருவரையும் நிறுத்தி, "யாருய்யா ஊத்துனது?" என்றார்.

"பொன்னையாதாங்க" என்றேன்.

அவன் வாய் திறக்கும் முன்பே, "ஒனக்கு வாசிக்கத் தெரியும்தானே, டின்னப் பாக்கலையா?" என்று ஐயா கத்தினார். வாசிக்கத் தெரிந்ததுதான் அவனுக்குக் குற்றமாயிற்று. பொன்னையா என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரியும் அவன் பார்ப்பது. நான் அவன் காதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதமே அவனுக்கு வேலை போயிற்று. லயத்தை விட்டுக் குடும்பத்தோடு இறங்கினான். பொல்பிட்டியவுக்குப் போனதாகச் சொன்னார்கள். மூன்று பஸ் மாறினால் போய்விடலாம். நான் போகவில்லை.

உன் அம்மாவுக்குத் தெரியும். காய்ச்சல் விட்டதும் ஸ்டோருக்கு வந்து டின்னைப் பார்த்தாள். "இனிமே நான் ஒரு நாளும் வராம இருக்கமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சாகும் வரை வாசித்துக் கொடுத்தாள். அது பாசம். அந்தப் பாசத்தால்தான் நான் திருந்தவே இல்லை. அன்றைக்கே அவள் என் முகத்துக்கு நேரே, "ஒங்களுக்குத் தெரியாது, போய்ச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் பொன்னையா இன்றைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருப்பான்.

நீ இப்போது உன் அம்மா செய்த வேலையைச் செய்கிறாய். சிவப்பு, பச்சை என்று நீ சொல்லச் சொல்ல அவர் தனக்குக் கண் இருப்பதாக நினைப்பார். நீ பக்கத்தில் நிற்பதுதான் ஆபத்து.

அதனால் இதைச் செய். அவர் தனியாக இருக்கும்போது சொல். கோபமாகச் சொல்லாதே. அழுதுகொண்டும் சொல்லாதே. கொஞ்ச வார்த்தையில் சொல். அவர் மறுப்பார், உன்னைத் திட்டுவார், நானாக இருந்தாலும் திட்டுவேன். நீ கரையில் நின்றுகொள். கயிறு உன் கையில் இருக்கட்டும். அவிழ்க்காதே. ஏறாதே.

உனக்கு நீந்தத் தெரியாது. அது மட்டும்தான் என் தலையில் ஓடுகிறது.

அப்பா


பெல்கிரேட்.
18.08.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசியபோது அண்ணனும் அண்ணியும் பக்கத்தில் நின்றார்கள். நீங்கள் "சாப்பிட்டியா" என்று மூன்று தரம் கேட்டீர்கள். நான் மூன்று தரமும் "ஆமாங்கப்பா" என்றேன். மற்றதை எழுதத்தான் வேண்டும்.

பத்தாம் தேதி மத்தியானம் என் போனில் ஐந்து படம் வந்தது. முதலில் உங்கள் எழுத்தைத்தான் பார்த்தேன். பிறகுதான் எந்த நம்பரில் இருந்து வந்தது என்று பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் கீழே அண்ணனின் எழுத்தில், "எறங்கு. நம்பரத் தொறந்துட்டேன்" என்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அண்ணன் அவ்வளவு பேசியதே அதிகம்.

நாலு நாள் என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் முன்னால் போய் நின்று, தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பதினைந்தாம் தேதி காலை விசிறி பூட்டியாயிற்று. அவர் மேலே போய் இயந்திரத்தைப் போட்டார். "கயிற்றை எடு, ஆரஞ்சு" என்று கூப்பிட்டார். நான் மரமேடையில் நின்றேன். கயிறு இரும்புக் குற்றியில் இரண்டு சுற்றாக இருந்தது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"கப்டன், உங்களுக்குக் கண் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் ஏறமாட்டேன்" என்றேன்.

முதலில் சிரித்தார். பிறகு, "நீ சமையல்காரி" என்றார். அப்படி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் நகரவில்லை.

"எனக்கா தெரியவில்லை? நீ நன்றாகத் தெரிகிறாயே. அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறாய்" என்றார்.

நான் போட்டிருக்கவில்லை அப்பா. கரையில்தானே நிற்கப் போகிறேன் என்று, இறங்கும்போது அதைக் கழற்றி அவர் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை.

"அது உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறது கப்டன். தொட்டுப் பாருங்கள்" என்றேன்.

அவர் கையை நீட்டினார். நாற்காலியின் முதுகைத் தொட்டார். பிறகு ஜாக்கெட்டைத் தொட்டார். அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். துறையில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள், அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு இயந்திரத்தை நிறுத்தினார்.

மத்தியானம் ஆனது. நான் ஏறிப் பருப்பு வைத்தேன். தட்டை வைத்தபோது, "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றார். "அப்பாதான் கண்டுபிடித்தார்" என்றேன். "கண் டொக்டரா?" என்றார். "இல்லை, மருந்து ஸ்டோரில் இருந்தவர்" என்றேன். அப்புறம் அவருக்கு எல்லாம் சொன்னேன். நீங்கள் வாசிக்கத் தெரியாமல் இருந்தது, டின், மூடி, பொன்னையா மாமா, எல்லாம். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். அவர் சாப்பிடாமல் கேட்டார்.

அன்றே தம்பி மகனைப் போனில் கூப்பிட்டார். அவர் நாளை வருகிறார். இந்த ஆறு தெரிந்த, பத்திரம் உள்ள ஒருவரைச் சுக்கான் பிடிக்கக் கூட்டி வருகிறார். கப்டன் இனிமேல் பக்கத்து நாற்காலியில். நான் சமையல் மட்டும். இரும்பு வாசலை நினைத்தால் இன்னும் பயம்தான். ஆனால் சுக்கான் பிடிப்பவருக்குக் கண் தெரியும். அந்த அளவு பயம் போதும்.

கடைசியாக ஒன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எல்லாம் சொல்லி முடித்ததும் கப்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன் அப்பா பிறகு அந்த ஆளிடம் போய்ச் சொன்னாரா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

தனுஜா


பொல்பிட்டிய.
07.09.2025, ஞாயிறு

அன்பு தனுஜாவுக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? இதை பஸ் நிற்கும் கொட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் சுமன் வாங்கித் தந்த கொப்பி. அவன் எதிர்க் கடையில் பிளேன்டீ குடிக்கிறான். என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

முந்தாநாள் நீ போனில், பெரிய பெட்டியையும் தாண்டிவிட்டோம், கதவு திறந்ததும் கப்டன் வெளிச்சம் முகத்தில் படுகிறது என்றார் என்று சொன்னாய். அதைக் கேட்ட பிறகுதான் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் உன் துரையின் கேள்வி உட்கார்ந்திருந்தது.

முதலில் பொன்னையாவுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். நல்ல எழுத்து, டீச்சர் கூட மெச்சுவார். உறையில் போட்டு ஒட்டிய பிறகு யோசித்தேன். முகத்துக்கு நேரே சொல் என்று உனக்கு எழுதியவன் நான். கடிதத்துக்குக் காதும் இல்லை, முகமும் இல்லை. அது எனக்கு வசதி. அதனால் கிழித்துவிட்டேன். சுமனிடம், "என்னோட வாடா" என்றேன். "சட்டைய மாத்துங்க போவோம்" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. அவன்தான் வாசித்தவனாயிற்றே.

மூன்று பஸ் மாறினோம். மூன்றிலும் பலகையை நானே வாசித்து ஏறினேன். ஹட்டனில் சுமன் வேறு பஸ்ஸுக்குப் போனான். "டேய், அது டிக்கோயா பஸ்ஸு, எழுதியிருக்கு பாரு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை ஒருத்தனுக்கு நான் வாசித்துச் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் கினிகத்தேனை வரைதான் இருந்தது. அதன் பிறகு வளைவுக்கு வளைவு, என்ன சொல்லித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீடு இங்கிருந்து தெரிகிறது. ஆற்றுப் பக்கம், நீலக் கதவு. மகள் வீரம்மா வீட்டில்தான் இருக்கிறானாம். கடைக்காரர் சொன்னார், "பெரியவர் இருக்காரு, கண்ணு காதெல்லாம் நல்லா இருக்கு, பேப்பர் படிக்காம ஒரு நாள் விடமாட்டாரு." வாசலில் ஒரு நாற்காலி. அதில் ஒரு ஆள் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முகம் பேப்பருக்குப் பின்னால். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஆனால் விரலைப் பார்த்தாலே தெரிகிறது.

அவன் கதவைச் சாத்தலாம். அடிக்கலாம். "யாரு நீ" என்று கேட்கலாம். அதுதான் எல்லாவற்றிலும் பயம். திரும்பிப் போகிற பஸ் இப்போதுதான் வந்து நின்றது. பலகையை வாசித்தேன். ஹட்டன் என்று போட்டிருக்கிறது. ஏறவில்லை. போய்விட்டது.

நீ எப்படி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

கொட்டிலுக்குப் பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறது. உறையில் டீச்சர் முன்பே விலாசம் எழுதித் தந்துவிட்டார். இதைப் போட்டுவிட்டுத்தான் போகப் போகிறேன். அங்கே என்ன நடந்தாலும், போனேன் என்பது உனக்கு எழுத்தில் வந்து சேர்ந்துவிடும். பிறகு நான் மாற்றிச் சொல்ல முடியாது.

அவன் பேப்பரை மடித்து வைக்கிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான். நானும் பார்க்கிறேன், முகத்தை.

அழகுமுத்து